படம் வராத முகூர்த்தம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, நல்லம்பள்ளியில் நான் குடியிருக்கும் அறையில் டீ போட்டுக் குடித்துக்கொண்டிருந்தேன். போனில் ஒரு லிங்க் வந்தது. தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் கோயம்புத்தூரில் மகனுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். எனக்குப் பத்திரிகை வரவில்லை, இதுதான் வந்தது. 'நேரில் வந்ததாக எண்ணி வாழ்த்தவும்' என்று கீழே ஒரு வரி. தொட்டேன். விரலை எடுப்பதற்குள் மேடை, மாலை, ஹோமப் புகை எல்லாம் வந்துவிட்டது. மாப்பிள்ளையின் மூக்கு நுனியில் வியர்வை நிற்பதுகூடத் தெரிந்தது.

"வந்துருச்சு" என்று சொல்ல வாயெடுத்தேன். யாரிடம் சொல்ல? அறையில் நானும் டீ டம்ளரும்தான். வீடியோ வந்துவிட்டது என்று இந்தக் காலத்தில் யாராவது சொல்வார்களா என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கு அது பழைய பழக்கம். ஒரு வீடியோ ஓடிவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லியே ஆகவேண்டிய காலம் ஒன்று இருந்தது.

கொஞ்ச நேரத்தில் போன் சூடானது. பழைய போன், உறைக்குள் நிறைய தூசி. தூசி சூடேறினால் ஒரு வாசனை வரும். வெயிலில் காய்ந்த கோணிப்பையும் இஸ்திரிப் பெட்டியும் கலந்தது போல இருக்கும். நான் வேலை பார்த்த பாலக்கோட்டு நெட் சென்டருக்குள் நுழைந்தால் முதலில் முகத்தில் அடிப்பது அந்த வாசனைதான். அதன் பின்னாலேயே தெருவிலிருந்து தக்காளி வாசனை வரும். மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் கடை இருந்ததால், வருகிறவர்கள் செருப்பில் கொஞ்சம் தக்காளியையும் ஒட்டிக்கொண்டு வருவார்கள். மவுஸில்கூடச் சில நாள் விதை ஒட்டியிருக்கும்.

ப்ளஸ் டூவும் டைப்ரைட்டிங் லோயரும் முடித்தவள் நான். படித்ததற்கு அந்த வேலை அதிகம் என்றே எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அது பிடித்ததற்குக் காரணம் வேறு. வருகிறவர்கள் எல்லோரும் சுவரைப் பார்த்து உட்காருவார்கள். நான் பார்க்க வேண்டியது முதுகுகளைத்தான். யாராவது நேராக முகத்தைப் பார்த்துப் பேசினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், இன்றைக்கும்தான். ஒரு சட்டையின் முதுகைப் பார்த்தே இன்னார் வந்திருக்கிறார் என்று சொல்லிவிடுவேன். எதிரில் வந்தால் அவரையே அடையாளம் தெரியாது.

கடைக்காரர் அந்தக் கம்ப்யூட்டர்களை ஓசூரில் மூடிப்போன ஒரு கம்பெனியிலிருந்து மொத்தமாக வாங்கி வந்திருந்தார். எல்லாவற்றிலும் லினக்ஸ். போட்டுக் கொடுத்த ஆள் அதோடு துபாய்க்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அதைப் புதுப்பிக்க ஆளில்லை. கடைக்காரருக்கு லினக்ஸ் மேல் அப்படி ஒரு பெருமை.

"லினக்ஸ்ல வைரஸே வராதும்மா" என்பார்.

'வீடியோவும் வராதுங்க' என்று நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இங்கே எழுதிக்கொள்கிறேன்.

அந்த நாளில் பிரவுசருக்குத் தானாக வீடியோ ஓட்டத் தெரியாது. பிளக்-இன் என்று ஒரு சின்ன ஃபைலைத் தனியாகப் போட வேண்டும். விண்டோஸ் வைத்திருந்தவர்கள் 'நெக்ஸ்ட்', 'நெக்ஸ்ட்' என்று அழுத்திவிட்டுப் படம் பார்த்தார்கள். எங்கள் கடையில், வீடியோ இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டமும், நடுவில் 'பிளக்-இன் இல்லை' என்ற எழுத்தும் வரும். எங்களிடம் வருகிறவர்கள் சிட்டா எடுக்கவும் ரிசல்ட் பார்க்கவும் வந்தவர்கள். அதனால் அந்தக் கட்டத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ரூபா போன் செய்யும்வரைக்கும்தான்.

ரூபா எங்கள் கடைக்கு வந்து வந்து வேலைக்கு மனு போட்டவள். பாலக்கோட்டுக்கு மேற்கே ஒரு கிராமம். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ். பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். மனுவைத் தாண்டி என்னோடு பேசிய ஒரே வாடிக்கையாளர் அவள்தான். "அக்கா, இந்தக் கலரு உங்களுக்கு எடுப்பா இருக்குது" என்று ஒருமுறை சொன்னாள். அந்தப் புடவையை நான் கிழியும்வரை கட்டினேன்.

கடை போனில்தான் கூப்பிட்டாள். "அக்கா, ரூபா பேசறேன். பக்கத்துல யாராச்சும் இருக்கறாங்களா?"

"யாருமில்ல, சொல்லு."

"வர்ற வெள்ளிக்கெழம எனக்குக் கல்யாணங்க்கா, பெங்களூர்ல. அவரு வேற ஆளுங்க. எங்கப்பா வர மாட்டேன்னுட்டாரு. அம்மாவையும் வுட மாட்டேன்றாரு. ஸ்டூடியோக்காரங்க நெட்டுல நேரா காட்டறாங்களாம். எங்கம்மாவ மட்டும் ஒக்கார வெச்சிக் காட்டிருங்க்கா. அவங்க பாக்கலன்னா நான் எப்படிங்க்கா மணையில ஒக்காருவேன்?"

"சரி" என்றேன். போனை வைத்த பிறகுதான் எனக்கு அந்தச் சாம்பல் கட்டம் ஞாபகம் வந்தது. பாருங்கள், வாழ்க்கையில் ஒருத்திக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன், அதையும் கம்ப்யூட்டரைக் கேட்காமல் கொடுத்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் விண்டோஸ் வைத்த சென்டர் ஒன்று இருந்தது. அங்கே போக வழியில்லை. அது ரூபா அப்பாவின் பங்காளி வீட்டுப் பையன் கடை. ரத்னம்மா, அதாவது ரூபாவின் அம்மா, அங்கே படியேறினால் அவர் இறங்குவதற்குள் ஊருக்குச் செய்தி போய்விடும்.

ஆகவே எங்கள் லினக்ஸ்தான். வாடிக்கையாளர் இல்லாத நேரங்களில் உட்கார்ந்தேன். கறுப்புத் திரையில் கட்டளையை அடித்தால் பிளக்-இன் தானாக வந்து இறங்கும் என்று நெட்டில் போட்டிருந்தது. அடித்தேன். கிடைக்கவில்லை என்று பதில் வந்தது. எங்கள் வெர்ஷன் அவ்வளவு பழசு. அதற்கான ஃபைல்களை வைத்திருந்த இடத்தையே எடுத்துவிட்டிருந்தார்கள். ரேஷன் கடைக்குப் பையோடு போய், கடை இருந்த இடத்தில் காலி மனையைப் பார்த்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

லினக்ஸ்காரர்கள் கேள்வி கேட்டுப் பதில் சொல்லிக்கொள்ளும் பக்கம் ஒன்று இருந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டு எழுதினேன். எங்கெங்கோ இருப்பவர்கள் பதில் போட்டார்கள். எல்லோரும் ஒரே பதில்: அது ரொம்பப் பழசு, முதலில் புதுசுக்கு மாறுங்கள், பிறகு பேசலாம். எங்கள் சொந்தக்காரர்களும் இப்படித்தான். வேலையைப் பற்றிக் கேட்டாலும், வாடகை வீட்டைப் பற்றிக் கேட்டாலும், தலைவலிக்கு மாத்திரை கேட்டாலும், "மொதல்ல கல்யாணம் பண்ணு, அப்பறம் பேசலாம்" என்பார்கள். இரண்டு பேருக்கும் நான் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கடைக்காரரிடம் கேட்டால், "ஓடற வண்டிய நோண்டாதம்மா. நின்னுபோச்சுன்னா தெரிஞ்சவன் துபாயில இருக்கறான்" என்றார்.

கடைசியில் ஒருவர் மட்டும் வழி சொன்னார். ஃபைலைக் கையாலேயே இறக்கி, அதற்குரிய ஃபோல்டரில் போட வேண்டும். அந்த ஃபோல்டர் கண்ணுக்குத் தெரியாது. பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால் லினக்ஸில் எதுவும் மறைந்துவிடும். மறைந்திருப்பவற்றைக் காட்டச் சொன்னேன். பார்த்தால், நான் தினமும் பார்த்த அந்தத் திரைக்குள் அத்தனை ஃபோல்டர்கள் சத்தமில்லாமல் இருந்திருக்கின்றன. எனக்கு ஏனோ அவற்றைப் பிடித்துப்போயிற்று. புது ஃபைலைப் போட்டேன். உன் லினக்ஸ் எனக்குப் போதாது என்றது. அதைவிடப் பழசைத் தேடிப் போட்டேன். பிரவுசரை மூடித் திறந்தேன். 'பிளக்-இன் இல்லை' போய்விட்டது. ஸ்டூடியோக்காரர் பக்கத்தில் இருந்த பழைய கல்யாணம் ஒன்றை ஓடவிட்டேன். நாதஸ்வரம் கணீரென்று வந்தது. படம் வரவில்லை. சாம்பல் கட்டம் கறுப்புக் கட்டமானது, அவ்வளவுதான். அன்றைக்கு வியாழக்கிழமை.

வெள்ளிக்கிழமை காலை ரத்னம்மாவை எதிர்பார்த்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்கள் வழியை அடைத்துக்கொண்டதில் பஸ் தாமதம். இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தார். கையில் ஒயர்க்கூடை.

"பல்லு வலி, ஆஸ்பத்திரிக்குப் போறன்னு சொல்லிட்டு வந்தேன் கண்ணு. எங்கியாச்சும் ஒரு மறைப்புக் காட்டு."

ஜெராக்ஸ் பேப்பர் கட்டுகள் அடுக்கிய பின்னறையைக் காட்டினேன். பல் வலிக்காரி உள்ளே போய், பெண்ணைப் பெற்ற சம்பந்தியாகப் பட்டுப் புடவையோடு வெளியே வந்தார். கூடையிலிருந்து ஒரு தூக்குப்போசியை எடுத்துத் திறந்தார். மஞ்சளும் நெய்யும் கலந்த அரிசி. தூசி வாசனையை மீறி அது மணத்தது.

"முகூர்த்தத்துக்கு அட்சதை போடாத எப்படி?" என்றவர், கடையைச் சுற்றிப் பார்த்தார். "எல்லாரும் செருப்ப வெளியில வுடுங்க. இங்க கல்யாணம் நடக்குது."

சிட்டா எடுக்க வந்திருந்த ஒரு தக்காளிக்காரர் மட்டும்தான் அப்போது கடையில் இருந்தார். மறுபேச்சில்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

"படம் எப்ப வரும் கண்ணு?"

நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "படம் வரலீங்கம்மா. என்னென்னமோ பண்ணிப் பாத்தேன். சத்தம் மட்டுந்தான் வருது."

அவர் தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். எனக்குக் காது சுட்டது.

"சத்தம் எம் பொண்ணு கல்யாணத்துச் சத்தந்தானே?"

"ஆமாங்க."

"அப்ப வெய்யி."

வைத்தேன். கறுப்புக் கட்டத்துக்குள்ளிருந்து மேளமும் கூட்டத்தின் இரைச்சலும் வந்தன. அங்கே ஐயர் பேசியது கன்னடம். எனக்குப் பாதிதான் புரிந்தது. ரத்னம்மா ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டே வந்தார். "மாலை எடுத்துக் குடுக்கறாங்க... யாரோ கொழந்தைய அதட்டறாங்க... இப்பதான் பொண்ணக் கூட்டியாறாங்க."

"என்னாங்க, டிவி ஃபியூஸ் போயிருச்சா?" என்றார் தக்காளிக்காரர்.

"இல்லீங்க. கல்யாணம் நடந்துட்டு இருக்குது."

"எங்க?"

"உள்ள."

அவர் கறுப்புக் கட்டத்தை உற்றுப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பட்டுப் புடவையைப் பார்த்தார். "அப்ப சரி" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மேளம் நின்றது. ஐயர் மைக்கில் கேட்டார். "ஹுடுகி தந்தே, தாயி ஹெசரு ஹேளி."

ரத்னம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். "பொண்ணோட அப்பன், ஆத்தா பேரக் கேக்கறாரு. யாரு சொல்லுவா? நம்ம பக்கம் ஒரு நாதியில்லயே."

ஒரு இடைவெளி. இரைச்சல் மட்டும். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நான் திரையில் தேடினேன். அப்புறம் ரூபாவின் குரலே வந்தது. அப்பா பெயரை முதலில் சொன்னாள். மறுபடி ஒரு சின்ன இடைவெளி. பிறகு, "தாயி, ரத்னம்மா" என்றாள். மண்டபம் முழுக்கக் கேட்டிருக்கும், அவ்வளவு சத்தமாக.

"எம் பேரச் சொன்னா. கேட்டியா? நீ கேட்டியா?"

"கேட்டங்கம்மா."

"யோவ், நீ கேட்டியா?" என்று தக்காளிக்காரரையும் விடவில்லை.

"நல்லாக் கேட்டுச்சுங்க. ரத்னம்மான்னாங்க."

கெட்டிமேளம் வந்தது. தூக்குப்போசியை எங்களிடம் நீட்டினார். மூன்று பேரும் எழுந்து நின்று மானிட்டர் மேல் அட்சதை போட்டோம். அரிசி கண்ணாடியில் பட்டுத் தெறித்து கீபோர்டு சந்துகளில் விழுந்தது. அன்றைக்குக் கரண்ட் போகவில்லை. அந்த வருஷங்களில் அதுவே ஒரு வரம். கடைக்காரர் மத்தியானம் வந்து கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, "என்னாம்மா இது, மஞ்சளா கொட்டுது?" என்றார். எலி என்று சொன்னேன். மஞ்சள் பூசிய எலியா என்று அவர் கேட்கவில்லை, நல்ல மனுஷன்.

ஸ்டூடியோக்காரர் அந்த வீடியோவைக் கொஞ்ச காலம் நெட்டிலேயே வைத்திருப்பதாகச் சொன்னாராம். அதனால் ரத்னம்மா சந்தை நாளில் தவறாமல் வந்துவிடுவார்.

"படம் வந்துச்சா கண்ணு?"

"இன்னும் இல்லீங்கம்மா."

"வரும் வுடு. சத்தத்த வெய்யி."

எனக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்பார். நிப்பட்டு கொண்டுவருவார், தின்றுகொண்டே கேட்போம். கேட்கும்போதே எனக்குச் சொல்லுவார், ரூபா இப்போது தலை குனிந்திருக்கிறாள், இப்போது சிரிக்கிறாள் என்று. ஒரு வாரம் மகள் கட்டியிருப்பது அரக்குப் பட்டு. அடுத்த வாரம் கிளிப்பச்சை. இன்னொரு நாள் மாம்பழ மஞ்சள். நான் திருத்தியதில்லை. பச்சை வாரத்தில் எனக்கும் பச்சையாகத்தான் தெரிந்தது. முதுகுகளையே பார்த்திருந்த நான், அந்த ஸ்டூலில் இருந்த ஒரு முகத்தைக் கூச்சமில்லாமல் பார்க்கப் பழகினேன். அவர் வராத நாட்களில் மறைந்த ஃபோல்டரைத் திறந்து வேறு வேறு பழைய ஃபைல்களைப் போட்டுப் பார்ப்பேன். அவருக்கு மகள் முகத்தைக் காட்டிவிட வேண்டும். வேறு ஆசை எனக்கு அப்போது இருந்ததாக ஞாபகமில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, ரூபா உண்டாகியிருக்கிறாள் என்ற செய்தி வந்தது. அதைக் கேட்ட பிறகு அப்பாவால் வீராப்பாக இருக்க முடியவில்லை. ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் பெங்களூர் பஸ் ஏறிப்போய் மகளைக் கையோடு கூட்டிவந்துவிட்டார். இதை எனக்குச் சொல்ல ரத்னம்மா வாசல்வரை வந்தார். உள்ளே வர நேரமில்லை, தெருவிலிருந்தே கத்திச் சொல்லிவிட்டு ஓடினார். அப்படிச் சிரித்த முகமாக அவரை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷம்தான். அடுத்த சந்தை நாளில் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் ஸ்டூல் காலியாகவே இருந்தது.

படம் அதற்குப் பிறகுதான் வந்தது. காரணம் ஒன்றுமில்லை, ஒரு டிக். கறுப்புக் கட்டத்தின் மேல் மவுஸை வைத்து அதன் வலது பட்டனை அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். அதில் இருந்த ஒரு டிக்கை எடுத்துவிட வேண்டும். எங்கள் பழைய கம்ப்யூட்டரின் படம் காட்டும் கார்டு அந்த பிளக்-இன்னோடு ஒத்துப்போகவில்லையாம். அந்த லினக்ஸ்காரர்கள் பக்கத்தில் யாரோ யாருக்கோ சொன்ன பதிலில் பார்த்தேன். டிக்கை எடுத்தேன். கறுப்பு விலகி மண்டபம் தெரிந்தது.

"வந்துருச்சு!" என்று திரும்பினேன். கடையில் முதுகுகள் இருந்தன. ஒன்றும் திரும்பவில்லை.

தனியாகவே பார்த்தேன். புடவை சந்தன நிறம். அந்த ஒரு நிறத்தை மட்டும் ரத்னம்மா சொன்னதேயில்லை. ஐயர் மைக்கை நீட்டிப் பெயர் கேட்கிறார். ரூபா குனிந்தபடி அப்பா பெயரைச் சொல்கிறாள். அப்புறம் அந்தச் சின்ன இடைவெளி. நாங்கள் அத்தனை தடவை கேட்ட, ஒன்றுமில்லை என்று நினைத்த இடைவெளி. அதில் அவள் தலையை நிமிர்த்துகிறாள். கூட்டத்தில் கேமரா எங்கே என்று தேடுகிறாள். கண்டுபிடித்ததும் நேராக அதைப் பார்த்து, கண் நிறைந்து, கொஞ்சம் சிரித்து, அப்புறம்தான் "ரத்னம்மா" என்கிறாள். நான் அந்தத் திரைக்கு நேரே உட்கார்ந்திருந்தேன்.

ரத்னம்மாவை மார்க்கெட் முன்னால் பஸ்ஸுக்கு நிற்கும்போது பிடித்தேன். கூடை நிறைய சாமான், மகளுக்கு.

"படம் வந்துருச்சுங்கம்மா!"

"எந்தப் படம்?"

"ரூபா கல்யாணம்."

சிரித்துவிட்டார். என் கன்னத்தைத் தொட்டார். "பொண்ணே வூட்ல கெடக்கறா கண்ணு, படத்த வெச்சிகிட்டு என்னா பண்றது?"

"இல்லீங்கம்மா, அதுல உங்க பேரு சொல்றப்ப அவ வந்து..."

"பஸ் வந்துருச்சு. நீ ஒரு நாளைக்கு வூட்டுக்கு வா, என்னா? களி கிண்டிப் போடறேன்" என்று சொல்லிக்கொண்டே ஏறிவிட்டார். அவர் சொன்னது சரிதான். பசியாறியவருக்கு எதற்குச் சோற்றின் படம்? போகவேண்டும் என்று நினைத்து நினைத்து நான் போகவில்லை. போகிறவர்கள் வேறு மாதிரி ஆட்கள்.

அப்புறம் ஒருநாள் அந்தப் பக்கத்தைத் திறந்தால் வீடியோ இல்லை. ஸ்டூடியோக்காரர் எடுத்துவிட்டிருந்தார். பிறகு அந்தப் பெயரில் ஒரு பக்கமே இல்லாமல் போனது. கம்ப்யூட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோய், பழைய இரும்புக்காரர் வண்டியில் ஏறின. கடை இருந்த இடத்தில் இப்போது போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறார்கள். அந்த பிளக்-இன்னையே உலகத்தில் யாரும் வைத்துக்கொள்ளவில்லை. பிரவுசர்கள் தாமாகவே படம் காட்டக் கற்றுக்கொண்டுவிட்டன. ரூபா வீட்டில் ஆல்பம் இருக்கும். ஆல்பத்தில் நின்று நிதானமாக எடுத்த போட்டோக்கள்தான் இருக்கும். தலையை நிமிர்த்தித் தேடிக் கண்டுபிடித்த அந்த ஒரு நொடியை யார் ஒட்டிவைத்திருக்கப் போகிறார்கள்? அவளுக்கே அது மறந்துபோயிருக்கும்.

அம்மாவுக்கென்று அவள் அனுப்பிய பார்வை அது. வந்து சேர்ந்தது என்னிடம். அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.